மூலை வெட்டாத அட்டை

எனக்குக் கோபம் வரும் என்பது இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'இடி'. நான் மாடிப்படியில் கால் வைத்ததுமே "இடி வருது, இடி வருது" என்று மேலே கிசுகிசுப்பார்கள். கேட்காதது போல் போய்விடுவேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இருபத்தொன்பது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய பட்டம் யார் கொடுக்கப் போகிறார்கள்?

இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது. போன வியாழக்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

பள்ளிக்கு நூறு வயது ஆகிறது. அதற்கு ஒரு கண்காட்சி வைக்க வேண்டுமாம். 'சிலேட்டிலிருந்து தொடுதிரை வரை' என்று தலைப்பு. எங்கள் தலைமையாசிரியை என்னைவிடப் பதினாறு வயது சின்னவர், கெட்டிக்காரி, தேன் தடவிப் பேசுவார். "நீங்கதான் டீச்சர் பொறுப்பு. எல்லாத்தையும் கண்ணால பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க" என்றார். நான் என்ன தொல்பொருளா? ஆனாலும் சரி என்றுதான் சொன்னேன். வேறு யாரிடமாவது கொடுத்தால் சொதப்பிவிடுவார்கள்.

மூன்றாவது மாடியில் இருக்கும் சாமான் அறையைச் சாவி அண்ணன் திறந்துவிட்டார். பள்ளியின் உதவியாளர். இடுப்பில் எந்நேரமும் நாற்பது சாவி தொங்கும், அதனால் அந்தப் பெயர். உள்ளே போனதும் எனக்கு ஏழெட்டுத் தும்மல். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டோம். விளிம்பு உடைந்த சிலேட்டுகள். பாதி மணி உதிர்ந்துபோன மணிச்சட்டம். இன்று இல்லாத நாலைந்து நாடுகள் பெரிதாகத் தெரியும் உலக உருண்டை. புதன்கிழமைதோறும் பதினோரு மணிக்குப் பாடம் ஒலிபரப்பான ரேடியோ. மொத்த வகுப்பும் வாயைத் திறந்துகொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். கேள்வித்தாள் நகலெடுத்த கைப்பிடி மெஷின், அதை ஒருமுறை சுற்றினால் முழங்கை வரை மசி. கண்ணாடித் தாளில் எழுதிச் சுவரில் காட்டிய புரொஜெக்டர். பிறகு முதல் கம்ப்யூட்டர். அது வந்தபோது அதற்கென்று தனி அறை ஒதுக்கி ஏசி போட்டார்கள். எங்கள் ஓய்வறையில் மின்விசிறிகூடச் சரியாக ஓடாது. பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது, கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

சாவி அண்ணன் ஒரு பிரம்பை எடுத்து வந்து சிலேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அதை எதுக்கு எடுத்துட்டு வர்றீங்க?"

"இதுவும் பாடம் நடத்துற கருவிதானே டீச்சர்? இதுக்கு பேட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்."

"தூக்கி உள்ள போடுங்க முதல்ல!" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார்.

எனக்கு ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. ரேடியோ வந்தபோது இனி ஆசிரியர் எதற்கு என்றார்களாம். டிவி வந்தபோது என் காதாலேயே கேட்டேன். கம்ப்யூட்டர் வந்தபோது சுற்றறிக்கையே வந்தது. எல்லாம் இந்த அறையில் தூசி படிந்து கிடக்கிறது, நான் கல் மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன். கருவி பழுதாகும், தப்புச் செய்யும். இந்த இடி தப்புச் செய்யாது. சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுவது அவன்தான். என்னைவிட எட்டு வயது சின்னவன். வீட்டில் அவனுக்குப் 'பதினொண்ணு' என்று பெயர். நான் இந்தப் பள்ளிக்கு வந்த இரண்டாவது வருடம் அவன் இங்கேதான் படித்துக்கொண்டிருந்தான். மெஷின், மோட்டார் என்றால் உயிரை விடுவான். மேல்வகுப்பில் பொறியியல் பிரிவில் சேர ஒரு நுழைவுத் தேர்வு வைத்தோம். ஐம்பது கேள்வி, முப்பது வாங்கினால் இடம். அவன் வாங்கியது பதினொன்று. திருத்தியது நான். அன்றைக்கு அப்பா ஆத்திரத்தில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த மாதமே அவனைப் படிப்பிலிருந்து நிறுத்தி லாரிப் பட்டறைக்கு அனுப்பினார். நானும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவனும் "என்னக்கா" என்று சிரித்துக்கொண்டேதான் வருவான்.

அவன் மகள் இப்போது என் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் டீச்சர், வீட்டில் அத்தை. கணக்கில் புலி. மேல்வகுப்பில் கணக்குப் பிரிவு எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும், அந்த வியாழக்கிழமை மாலைக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அவன் மாட்டேன் என்கிறான். காலையில் பேருந்திலிருந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நீயே அவகிட்ட எடுத்துச் சொல்லுக்கா. இப்ப மார்க் வரும். பெரிய பரீட்சைன்னு வந்தா காலை வாரி விட்டுடும். எனக்கு ஆகலையா? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மண்டை. பின்னால உடைஞ்சு போறதுக்கு இப்பவே வேற பிரிவு எடுத்துட்டா நல்லதுதானே? சரிதானேக்கா?"

எதைச் சொன்னாலும் கடைசியில் 'சரிதானே' என்று கேட்பது அவன் பழக்கம். நானும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிதான்டா பதினொண்ணு, சொல்றேன்" என்றேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அந்த நகலெடுக்கிற மெஷினைப் பெட்டியிலிருந்து தூக்கினோம். அடியில் ஆடாமல் இருப்பதற்காக யாரோ ஒரு காகிதக் கட்டைத் திணித்து வைத்திருந்தார்கள். சாவி அண்ணன் அதை உருவித் தட்டினார். பழைய விடைத்தாள்கள். கூடவே துளை போட்ட அட்டைகள் ஐந்தாறு.

"இது என்ன டீச்சர், சல்லடை மாதிரி?"

"ஐயோ, இது கிடைச்சுதா! இதுதான் எங்க காலத்து மெஷின்" என்றேன். துள்ளிக் குதிக்காத குறைதான்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு கட்டம், சரியான கட்டத்தை மாணவன் பென்சிலால் கருப்பாக்க வேண்டும். தாளின் அளவுக்கே ஒரு கெட்டி அட்டை எடுத்து, சரியான விடை வரும் இடங்களில் மட்டும் துளை போடுவோம். சாதாரணக் காகித பஞ்ச் நடுவரைக்கும் எட்டாது, அதனால் செருப்பு வாருக்கு ஓட்டை போடுகிற கருவியை இரவல் வாங்கி வருவோம். அட்டையைத் தாள்மேல் வைத்தால் துளை வழியாக எத்தனை கருப்பு தெரிகிறதோ அத்தனை மதிப்பெண். நாற்பது தாளை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இன்று ஸ்கேன் பண்ணுகிற மெஷினுக்கு இதுதான் பாட்டன்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியையும் மேலே வந்துவிட்டார். "அருமையா இருக்கே! நாளைக்கு விருந்தாளிங்க முன்னால இதைச் செஞ்சே காட்டிடுங்க டீச்சர்" என்றார்.

சாவி அண்ணன் அட்டைகளை மேசையில் வரிசையாகப் பரப்பினார். பரப்பிவிட்டு மண்டையைச் சொறிந்தார்.

"டீச்சர், எல்லா அட்டையிலயும் வலது பக்க மேல் மூலை வெட்டியிருக்கு. இதுல மட்டும் இல்லையே?"

"அது நான் செஞ்சது. மத்ததெல்லாம் பழைய ஆளுங்க வேலை, மூலை எல்லாம் பிஞ்சு போயிருந்தது. என்னுதைப் பாருங்க, நாலு மூலையையும் காசு வெச்சுக் கோடு போட்டு உருண்டையா வெட்டியிருக்கேன். மடங்காது, கிழியாது, கையைக் கீறாது. இத்தனை வருஷம் ஆயிட்டுது, பாருங்க, புதுசு மாதிரி இருக்கு!"

அவர் மற்ற ஐந்து அட்டைகளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். வெட்டிய மூலைகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. கத்தரியால் சீராக வெட்டிய கோடு. பிய்ந்துபோன மூலை அப்படியா இருக்கும்? எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அதைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

"ஒரு தாள் எடுங்கண்ணே" என்றேன். அவர் கட்டைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசித் தாளை உருவினார்.

பெயர் எழுதும் இடத்தைப் பார்த்தேன். என் தம்பியின் பெயர். குண்டு குண்டாக அவன் கையெழுத்து. அது கடைசியில் இருந்ததற்குக் காரணம் உண்டு. சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது என்று அவன் தாளை மட்டும் தனியே எடுத்து வைத்து, மற்றவர்கள் தாளை எல்லாம் காலையில் முடித்துவிட்டு, சாப்பிட்டு வந்த பிறகு அதைத் திருத்தினேன். அவ்வளவு சுத்தம் நான்!

"அட, நம்ம பதினொண்ணு தாள்" என்று சிரித்துக்கொண்டே அட்டையை வைத்தேன். எண்ண ஆரம்பித்தேன். முதல் துளையில் கருப்பு. இரண்டாவதில் கருப்பு. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் கருப்பு. ஆறில் வெள்ளை. ஏழிலிருந்து மறுபடியும் கருப்பு. பதினைந்துக்கு மேல் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முப்பதைத் தாண்டியது. நாற்பத்திரண்டில் நின்றது.

"டீச்சர், மேல சிவப்புல பதினொண்ணுன்னு போட்டிருக்கே?" என்றார் சாவி அண்ணன்.

போட்டிருந்தது. வட்டம் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து, என் கையெழுத்தோடு. மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டு. அட்டை வேறு ஏதாவது தேர்வுக்கானதோ என்று கட்டின் நடுவிலிருந்து நான்கைந்து தாளை உருவி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தாளில் இருந்த மதிப்பெண்ணோடு அப்படியே பொருந்தியது. அட்டையில் கோளாறு இல்லை.

அப்போதுதான் சாவி அண்ணன் என்னைப் பார்க்காமல், மெதுவாக, அந்த அட்டையைக் குப்புறத் திருப்பித் தம்பியின் தாள்மேல் வைத்தார்.

துளைகள் கட்டங்களோடு கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தாமல் எப்படி? இரண்டு பத்தி, பத்திக்கு இருபத்தைந்து கேள்வி, கேள்வி எண்கள் நடுக்கோட்டின் இரண்டு பக்கமும். இடமும் வலமும் அச்சு அசல் ஒன்று. திருப்பி வைத்தால் முதல் கேள்வியின் விடை இருபத்தாறாவது கேள்வியில் போய் உட்காரும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் எண்ணினேன். என் விரல் ஒவ்வொரு துளையிலும் தடுக்கிக்கொண்டு போனது.

பதினொன்று.

ஐயோ! அந்த மூலை அதற்குத்தான். அட்டையைத் திருப்பிப் போட்டால் வெட்டு இடது பக்கம் வந்துவிடும், பார்த்ததும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொரு அட்டையிலும் பார்த்துப் பார்த்து ஒரு மூலையை வெட்டி வைத்திருந்தார்கள். யாரிடமும் கேட்காமல், பிய்ந்தது என்று நானே முடிவு கட்டி, நான்கு மூலையையும் அழகு பண்ணி வைத்தேன். சாப்பிடப் போகும்போது அட்டையை மேசை இழுப்பறையில் போட்டேன். திரும்பி வந்து எடுத்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு தாள். முப்பத்தேழு தாளைச் சரியாகத் திருத்தினேன், ஒரே ஒரு தாளைத்தான் தப்பாகத் திருத்தினேன்.

பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு அவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றதும் அப்போதுதான் ஞாபகம் வந்து தொலைத்தது. பதினாறு வயது. "அக்கா, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரேன்" என்றான். எல்லா ஆசிரியர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "இங்க நான் உனக்கு டீச்சர். அட்டைக்கு அக்கா தம்பி எல்லாம் தெரியாது. போ வெளியே" என்றேன். கை தட்டாத குறையாகப் பாராட்டினார்கள். அப்போதைய தலைமையாசிரியர் மறுநாள் காலைக் கூட்டத்தில் மொத்தப் பள்ளிக்கும் முன்னால் சொன்னார், 'சொந்தத் தம்பிக்கே தேர்ச்சி கொடுக்காத நேர்மை' என்று. அவன் மூன்றாவது வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். என் நல்ல பெயர் எல்லாம் அன்று தொடங்கியதுதான்.

தலைமையாசிரியை என் தோளில் கை வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், நடந்தது நடந்துபோச்சு. இத்தனை வருஷம் கழிச்சு இதைக் கிளறி என்ன ஆகப்போகுது? உங்க தம்பி இப்ப நல்லாத்தானே இருக்காரு? சிரிச்ச முகமா வண்டி ஓட்டுறாரு. இதைச் சொன்னா அவருக்குத்தான் வேதனை. அந்தத் தாளை என்கிட்ட குடுங்க. வேற தாளை வெச்சு நாளைக்குக் காட்டிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கொடுத்துவிடலாம் என்று என் கை அந்தத் தாளை நீட்டியேவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது? சாவி அண்ணன் வாய் திறக்க மாட்டார். இதே நல்ல பெயரோடு நான் ஓய்வு பெற்றுப் போய்விடலாம்.

பிறகுதான் தம்பி மகளின் விண்ணப்பம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரே மண்டை என்றானே. அந்த மண்டையில் ஒரு கோளாறும் இல்லையே! நான் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கும் இன்று மாலையோடு கதவு அடைபடும். அதையும் நான்தான் அடைத்தவள் ஆவேன். தாளையும் அட்டையையும் மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன்.

"டீச்சர், யோசிச்சுச் செய்ங்க" என்றார் தலைமையாசிரியை.

"அன்னைக்கு யோசிக்காமதானே செஞ்சேன்" என்றேன். மூன்று மாடி எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

முற்றத்தில் பேருந்து நின்றிருந்தது. தம்பி நனைத்த செய்தித்தாளால் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னக்கா, பேயைப் பார்த்தவ மாதிரி வர்றே? அவகிட்ட சொல்லிட்டியா?"

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல கையைத் துடைச்சுட்டு இப்படி வந்து உட்காருடா" என்று கத்தினேன். எனக்கு அப்படித்தான் பேச வரும். அழ வேண்டிய நேரத்திலும் அதட்டல்தான் வருகிறது.

அவன் பேருந்துப் படியில் உட்கார்ந்தான். நான் தாளை அவன் மடியில் வைத்தேன். தன் பெயரைப் பார்த்தான். சிவப்பு வட்டத்தைப் பார்த்தான்.

"அடடே, இதை எங்க தோண்டி எடுத்தே? கண்காட்சியில வைக்கப் போறியா? என் மானத்தை வாங்காதேக்கா, பிள்ளைங்க எல்லாம் பார்க்கும்" என்றான். அப்போதும் சிரிப்புத்தான்.

"எண்ணு" என்றேன். அட்டையைச் சரியான பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவனும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். மசி படிந்த விரலால் துளை துளையாக எண்ணினான். இருபத்தைந்தைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது. நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

நான் அட்டையைத் திருப்பி வைத்துக் காட்டினேன். மூலையைப் பற்றிச் சொன்னேன். இழுப்பறையைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "நான்தான்டா. நான் அட்டையைத் திருப்பிப் போட்டுட்டேன். நீ பாஸ்டா. முப்பது போதும், நீ நாற்பத்திரண்டு. அந்த வருஷம் உன்னைவிட அதிகம் வாங்கினது ரெண்டே பேர்தான்" என்றேன்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். அட்டையைக் கிழித்து என் முகத்தில் எறிவான் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடா தெரியும்?"

"அன்னைக்குப் பரீட்சை முடிஞ்சதும் உள்ளயே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எட்டு கேள்வி சந்தேகம். மத்ததெல்லாம் நல்லாத் தெரியும். நாற்பதுக்குக் குறையாதுன்னு தெரிஞ்சுதான் வெளிய வந்தேன். அதனாலதான் உன்னைத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன்."

"அப்புறம் ஏன்டா சும்மா இருந்தே? சண்டை போட்டிருக்கலாமே! அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நீ சொன்னியே, பதினொண்ணுன்னு. நீ பொய் சொல்ல மாட்டே. தப்பும் பண்ண மாட்டே. ஊரே சொல்லுது. அப்ப எங்க தப்பு? என் தலையிலதான் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். சரியாத் தெரியும்னு எனக்குத் தோணினதெல்லாம் தப்பாத்தான் இருக்கும்னு வெச்சுக்கிட்டேன்." தாளை மெல்லத் தடவினான். "அன்னையிலிருந்து எதையும் நானா நம்பினதில்ல. பிரேக் சரியா இருக்குன்னு எனக்கே நல்லாத் தெரியும், ஆனாலும் பட்டறையில இன்னொருத்தனைக் கூப்பிட்டுக் கேட்டுட்டுத்தான் வண்டியை எடுப்பேன். வீடு கட்டும்போது, இவளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது, எல்லாத்துக்கும் உன்கிட்டதானே வந்து நின்னேன்."

நான் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மதிப்பெண்ணைத்தான் பறித்தேன் என்று நினைத்து மூன்று மாடி இறங்கி வந்திருந்தேன். ஒரு ஆளிடமிருந்து அவன் தலையையே பறித்து வைத்திருந்திருக்கிறேன். இருபத்தேழு வருடம்! தன் தலையையே நம்பாமல் அவன் தினம் அறுபது குழந்தைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா இருந்திருந்தா காட்டியிருக்கலாம்" என்றான். அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. கடைசிவரை அவனிடம் ஒரு காகிதத்தைக்கூடப் படித்துக் காட்டச் சொன்னதில்லை. மருத்துவமனையில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, மருந்துச் சீட்டைப் படிக்க நான் வரும்வரைக்கும் காத்திருப்பார்.

"என்னை அடிடா" என்றேன். "திட்டவாவது திட்டு."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. நாலு மணி ஆகப்போகுது, பிள்ளைங்க வந்துடும்."

எழுந்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேல் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். மகளின் விண்ணப்பம். பேருந்தின் பக்கத் தகட்டில் வைத்து நீவினான். கணக்குப் பிரிவு என்று அந்தப் பெண் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தான். எப்போதும் போல என் பக்கம் திரும்பிக் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடினான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"இதை ஆபீஸ்ல குடுத்துடு. அவ படிக்கட்டும். ஆனா ஒண்ணு, அவ பேப்பரை நீ திருத்தக் கூடாது."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான், கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று சொல்வது போல. மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து முண்டியடித்து ஏறினார்கள். அவன் ஏறி உட்கார்ந்து, யாரையும் கூப்பிடாமல், பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

நான் விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்து நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அடுத்த வருடம் கணக்குப் பிரிவு எனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள், தாள் திருத்தவும் அந்த வகுப்புக்கு என்னைப் போடாதீர்கள் என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன டீச்சர் இது? அந்தப் பிரிவை உங்களைத் தவிர யாரு எடுப்பாங்க? சரி, வேற வழியில்லைன்னா மாத்துறேன். ஆனா கோப்புல காரணம் எழுதணுமே. உடம்பு சரியில்லைன்னு போட்டுக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். காகிதத்தை என் பக்கம் இழுத்து, காரணம் என்ற இடத்தில் நானே எழுதினேன்: 'இந்த வகுப்பில் சேரும் ஒரு மாணவியின் தந்தைக்கு என் திருத்தத்தில் நம்பிக்கை இல்லை. அவர் சொல்வது சரி.'